நாற்காலிக் காலிலிருந்து கூரை வரை: இயற்கையின் வளைவைக் கட்டடத்துக்குள் கொண்டுவர ஒரு முழுமையான வழிகாட்டி

இலை வடிவில் ஒரு நாற்காலியைச் செய்துவிட்டு, அதே இலையைப் பத்து மடங்கு பெரிதாக்கிக் கூரையாகக் கவிழ்த்தால் இயற்கையைத் தழுவிய கட்டடம் கிடைத்துவிடும் என்ற எண்ணம் வடிவமைப்பு மாணவர்களிடமும் அவர்களிடம் வீடு கட்டித் தரக் கேட்பவர்களிடமும் பரவலாக இருக்கிறது. அப்படி எழுந்த கூரைகள் பெரும்பாலும் உள்ளே இரும்புச் சட்டத்தால் தாங்கப்பட்டு, வெளியே பூச்சினால் மட்டும் இலையாகத் தோன்றுகின்றன. மரச்சாமான் செய்யும்போது இயற்கையிடம் கற்ற பாடத்தை அறைக்கும் கட்டடத்துக்கும் கொண்டுசெல்ல இதைவிட நேர்மையான வழி ஒன்று உண்டு. பின்லாந்தின் கட்டடக் கலைஞர்களான ஆல்வர் ஆல்ட்டோவும் அவருடைய மனைவி ஐனோ ஆல்ட்டோவும் 1930களில் அந்த வழியில் நடந்தார்கள். அவர்கள் செய்த நாற்காலிகளும் எழுப்பிய கட்டடங்களும் இன்றும் நம் கண்முன் இருப்பதால், அவற்றையே பாடமாகக் கொண்டு இந்த வழிகாட்டி படிப்படியாகச் செல்கிறது. மாணவர், உள்ளலங்கார வடிவமைப்பாளர், தச்சுப்பட்டறை நடத்துபவர் ஆகிய மூவரையும் மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன்.

முதற்படி: உருவத்தைப் பார்க்காமல் செயலைப் பார்த்தல்

ஓர் இயற்கைப் பொருளைத் தேர்ந்தெடுத்ததும் அதை வரையத் தொடங்க வேண்டாம். அது எந்த விசையைத் தாங்குகிறது, எதனால் ஆனது, எந்த இடத்தில் வளைகிறது, எந்த இடத்தில் வளைய மறுக்கிறது என்ற கேள்விகளுக்கு முதலில் எழுத்தில் விடை எழுதுங்கள். நாணல் ஒன்றை எடுத்துக்கொண்டால், அதன் பச்சை நிறமும் நீண்ட உருவமும் நமக்கு அதிகம் உதவாது. உள்ளே வெற்றிடமும் இடையிடையே கணுவும் இருப்பதால்தான் அது காற்றில் சாய்ந்து மீண்டும் நிமிர்கிறது. மரச்சாமானுக்கும் அறைக்கும் பயன்படுவது இந்தச் செய்திதான்.

ஆல்ட்டோவுக்குப் பிடித்த எடுத்துக்காட்டு உயிரணு. உலகிலேயே சிறந்த தரப்படுத்தும் குழு இயற்கைதான் என்று அவர் சொல்லி வந்தார். ஒரே மாதிரியான மிகச் சிறிய அலகுகளைக் கொண்டே இயற்கை ஒன்றைப்போல் ஒன்றில்லாத எண்ணற்ற மலர்களை உருவாக்குகிறது என்பது அவருடைய வாதம். அதாவது, தரப்படுத்த வேண்டியது முழுப்பொருளை அன்று, அதன் சிறு அலகைத்தான். இந்த ஒரு கருத்தை மனத்தில் இருத்திக்கொண்டால் பின்வரும் படிகளில் பாதி எளிதாகிவிடும்.

இரண்டாம் படி: பயனற்ற துண்டுகளைச் செய்து பார்த்தல்

காகிதத்தில் வளைகோடு வரைவதற்குச் செலவில்லை. மரத்தில் அதே வளைவு என்ன விலை கேட்கிறது என்பதைக் கையால் செய்து பார்க்காமல் அறிய முடியாது. டுர்க்கு நகரில் மரச்சாமான் தயாரித்து வந்த ஓட்டோ கொர்ஹோனெனுடன் சேர்ந்து, ஆல்ட்டோ பிர்ச் மரத்தின் மெல்லிய தகடுகளை ஒட்டியும் வளைத்தும் பிளந்தும் பல சோதனைத் துண்டுகளைச் செய்தார். அவை எந்த நாற்காலியின் பாகமும் ஆகவில்லை. சுவரில் மாட்டும் புடைப்புருவங்களாக நின்றன. ஆனால் பிற்காலத்து நாற்காலிக் கால்களின் விதை அவற்றில்தான் இருந்தது.

வளைவின் கணக்கு எளியது. ஒரு சட்டத்தை வளைக்கும்போது அதன் வெளிப்பக்கம் இழுபடும் அளவு, சட்டத்தின் தடிமனை வளைவு ஆரத்தின் இரு மடங்கால் வகுத்தால் கிடைக்கும். 40 மில்லிமீட்டர் தடிமனுள்ள சட்டத்தை 80 மில்லிமீட்டர் ஆரத்தில் வளைக்க முயன்றால் வெளிப்பக்கம் 25 சதவீதம் நீள வேண்டும். எந்த மரமும் அவ்வளவு நீளாமல் முறிந்துவிடும். அதே தடிமனை 2 மில்லிமீட்டர் தகடுகளாகப் பிரித்தால் ஒவ்வொரு தகடும் ஒன்றேகால் சதவீதம் மட்டுமே நீண்டால் போதும். பசை காயும்வரை தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று நழுவிக்கொள்ளும். காய்ந்தபின் அவை ஒரே உடலாகிவிடும்.

பட்டறையில் பசையும் அச்சும் கிளாம்பும் இல்லாதவர்கள் வாள்வெட்டு முறையில் தொடங்கலாம். 18 மில்லிமீட்டர் பிளைவுட்டின் உட்பக்கத்தில் 3 மில்லிமீட்டர் அகலமுள்ள வெட்டுகளை 15 மில்லிமீட்டர் ஆழத்துக்குப் போட்டு, வெளிப்பக்கம் 3 மில்லிமீட்டர் தோலை மட்டும் விடுங்கள். ஒவ்வொரு வெட்டும் மூடும்போது பலகை ஏறக்குறைய பதினொன்றரை பாகை திரும்பும். எட்டு வெட்டுகளில் செங்கோணம் கிடைத்துவிடும். வெளி ஆரம் 150 மில்லிமீட்டர் வேண்டுமானால் வெட்டுகளுக்கிடையே சுமார் 30 மில்லிமீட்டர் விட வேண்டும். இந்த முறை பார்வைக்கு வளைவைத் தரும்; பாரம் தாங்காது. ஆகவே அதைக் காலாகப் பயன்படுத்தாமல் மேசை முனைக்கும் சுவர்ப் போர்வைக்கும் வைத்துக்கொள்ளுங்கள். எதுவாயினும் முதலில் கழிவுத் துண்டில் செய்து பார்ப்பது நல்லது.

மூன்றாம் படி: கணுவைக் கண்டுபிடித்தல்

மரச்சாமானிலிருந்து கட்டடத்துக்குச் செல்லும் பாலம், என் பார்வையில், இணைப்பில்தான் இருக்கிறது. நிமிர்ந்து நிற்பது கிடையாகப் படுத்திருப்பதை எப்படிச் சந்திக்கிறது என்பதே முக்காலிக்கும் மண்டபத்துக்கும் பொதுவான வினா. நாற்காலியின் கால் கட்டடத்துத் தூணின் தங்கை என்று ஆல்ட்டோ கருதியதன் காரணம் இதுதான்.

அவர் 1933-இல் காப்புரிமை பெற்ற, L எழுத்துபோல் முனை வளைந்த எல்-கால் இந்த வினாவுக்குச் சொன்ன விடை மிக அழகானது. ஒரே பிர்ச் மரச் சட்டம். அதன் மேல்முனையில் மட்டும் நாரோட்டத்தின் போக்கில் வாளால் பல பிளவுகள் இடப்படுகின்றன. பிளவுகளுக்குள் மெல்லிய தகடுகள் பசையுடன் செருகப்பட்டு, முனை செங்கோணமாக வளைக்கப்படுகிறது. கீழ்ப்பகுதி முழு மரமாக இருந்து பாரத்தைத் தாங்குகிறது. மேல்பகுதி மட்டும் தகடுகளாகி வளைகிறது. மரத்தின் நார் எங்கும் அறுபடுவதில்லை. ஆல்ட்டோவின் 44 சென்டிமீட்டர் உயரமுள்ள 60 எண் முக்காலியில் மூன்று எல்-கால்கள் இருக்கையின் அடியில் நேரே திருகப்பட்டிருக்கின்றன. அதே கால் நான்காகி நாற்காலியைத் தாங்கும், நீண்டு மேசையைத் தாங்கும். உயிரணுவைப் பற்றி முன்பு சொன்னது இங்கே பொருளாக நிற்கிறது. இந்தப் பொருள்களை விற்கவே 1935-இல் ஆல்ட்டோ இணையரும் கலை ஆதரவாளர் மைரெ குல்லிக்‌ஷெனும் கலை வரலாற்றாளர் நில்ஸ்-குஸ்தாவ் ஹாலும் ஆர்ட்டெக் நிறுவனத்தைத் தொடங்கினார்கள்.

உங்கள் வடிவமைப்பிலும் இதையே செய்யுங்கள். நீங்கள் விரும்பும் மரச்சாமானின் முழு உருவத்தை மறைத்துவிட்டு, அதன் ஒரே ஓர் இணைப்பை மட்டும் உண்மையளவில் வரையுங்கள். அந்த இணைப்பு என்ன செய்கிறது என்பதை ஒரே வாக்கியத்தில் சொல்ல முடிந்தால், அதை அறைக்குக் கொண்டுசெல்லலாம். சொல்ல முடியாவிட்டால் நீங்கள் இன்னும் உருவத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று பொருள்; முதற்படிக்குத் திரும்ப வேண்டும்.

நான்காம் படி: அளவு மாறும்போது எது மாறுகிறது

44 சென்டிமீட்டர் முக்காலியை அப்படியே பத்து மடங்கு பெரிதாக்கினால் 4.4 மீட்டர் உயரமுள்ள மண்டபம் ஒன்று வரும். வரைபடத்தில் அது அழகாகவே இருக்கும். ஆனால் அதன் எடை ஆயிரம் மடங்காகியிருக்கும். கால்களின் குறுக்குவெட்டுப் பரப்போ நூறு மடங்குதான் கூடியிருக்கும். ஆகவே ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் முன்பைவிடப் பத்து மடங்கு சொந்த எடையைச் சுமக்க வேண்டும். பெரிய விலங்கின் எலும்பு சிறிய விலங்கினுடையதைவிட ஏன் விகிதத்திலேயே தடித்திருக்கிறது என்பதை கலிலியோ 1638-இலேயே இதே கணக்கால் விளக்கியிருக்கிறார். தொய்வின் கணக்கு இன்னும் கடுமையானது. மீட்டருக்கு இவ்வளவு பாரம் என்று சீராக ஏற்றப்பட்ட பலகையின் நீளத்தை இரட்டித்தால் தொய்வு பதினாறு மடங்காகும்.

எனவே பெரிய அளவில் அதே பாடத்துக்கு வேறு உருவம் வேண்டும். சய்னட்சலோ ஊர்மன்றக் கட்டடத்தில், 1949 முதல் 1952 வரை நடந்த பணியில், மன்றக் கூடத்தின் கூரையை ஆல்ட்டோ எப்படித் தாங்கினார் என்று பாருங்கள். இரண்டே இரண்டு மர உத்திரச் சட்டகங்கள். ஒவ்வொன்றிலும் கீழே ஒரு புள்ளியிலிருந்து பல மரக் கைகள் விசிறியாக விரிந்து கூரையை ஏந்துகின்றன. வண்ணத்துப்பூச்சி என்று அவற்றைப் பார்த்தவர்கள் பெயரிட்டார்கள். இங்கே தடித்த கால் ஒன்றை வளைக்கவில்லை. மெல்லிய பல உறுப்புகள் பாரத்தைப் பகிர்ந்து ஓரிடத்தில் சேர்க்கின்றன. கிளைகள் அடிமரத்தில் சேர்வது போன்ற ஏற்பாடு இது. இதில் இன்னொரு வியப்பும் உண்டு. வளைந்த கால்கள் பல ஒன்றாக இணைந்து இருக்கையின் அடியில் விசிறியாக விரியும் முக்காலியை அவர் 1954-இல்தான் வெளியிட்டார். கட்டடத்தில் கண்ட விரிவு பிறகு மரச்சாமானிலும் வந்தது. ஆகவே இப்பாதை ஒருவழிப் பாதையன்று. கட்டடத்தில் சிக்கல் வரும்போது மீண்டும் முக்காலிக்கு வந்து யோசிப்பதில் இழப்பு எதுவும் இல்லை.

நடைமுறையில், ஒரே கருத்தை 1:1, 1:10, 1:50 என்ற மூன்று அளவுகளிலும் தனித்தனி மாதிரியாகச் செய்து, ஒவ்வொன்றிலும் உறுப்புகளின் எண்ணிக்கையை மாற்றிப் பாருங்கள். கட்டமைப்புப் பொறியாளரை இந்தக் கட்டத்திலேயே அழைத்துவிடுங்கள். வடிவம் முடிந்தபின் அழைத்தால் அவரால் இரும்பைச் சேர்க்க மட்டுமே முடியும்.

ஐந்தாம் படி: உடலின் நிலையிலிருந்து அறையை அளத்தல்

இந்தப் படியைப் பலரும் தாண்டிச் சென்றுவிடுகிறார்கள் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். பைமியோ காசநோய் மருத்துவமனைக்கான போட்டியில் ஆல்ட்டோ 1929-இல் வென்றார்; கட்டடம் 1933-இல் திறக்கப்பட்டது. காசநோயைக் குணப்படுத்தும் மருந்து அப்போது இல்லை. ஓய்வும் வெயிலும் தூய காற்றுமே சிகிச்சை. அங்கே வைப்பதற்காகச் செய்த நாற்காலியில் ஒரே பிளைவுட் தகடு இருக்கையாகவும் முதுகாகவும் வளைந்து, இருபுறமும் மூடிய வளையங்களாக நிற்கும் பிர்ச் சட்டங்களுக்கிடையே தொங்குகிறது. முதுகுச் சாய்வு நோயாளியின் மூச்சுக்கு உதவும்படி அமைக்கப்பட்டது. உருக்குக் குழாய் நாற்காலிகள் ஐரோப்பாவில் புதுமையாகப் போற்றப்பட்ட காலம் அது. ஆனால் உருக்கு உடல் வெப்பத்தை விரைவில் இழுத்துவிடும் என்பதால், தொடுவதற்கு இதமான மரத்தை அவர் தேர்ந்தெடுத்தார்.

இப்போது அந்த நாற்காலியை விட்டு நோயாளியின் அறைக்குள் செல்வோம். அங்கே வளைந்த பிளைவுட் சுவர்களைத் தேடினால் கிடைக்காது. ஆனால் அதே சிந்தனை அறை முழுவதும் பரவியிருக்கிறது. படுத்திருப்பவரின் கண் நாள் முழுவதும் பார்ப்பது கூரையை என்பதால் கூரைக்குக் கண்ணை உறுத்தாத அடர்நிறம் பூசப்பட்டது. விளக்கு அவர் பார்வையில் நேரே விழாத இடத்தில் வைக்கப்பட்டது. கைகழுவும் தொட்டியில் தண்ணீர் விழும் ஓசை பக்கத்துக் கட்டிலில் இருப்பவரை எழுப்பாதபடி தொட்டியின் சாய்வு அமைக்கப்பட்டது. நாற்காலி உடலுக்கு எப்படி இடம் கொடுத்ததோ, அறையும் அப்படியே இடம் கொடுக்கிறது. ஒரு வளைவுகூட இடம் மாறாமல் ஒரு மரச்சாமானின் கருத்து கட்டடமாக மாறியதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. இந்த அறையை நினைக்கும்போதெல்லாம் வடிவமைப்பு என்பது எவ்வளவு பரிவான வேலை என்ற எண்ணம் எனக்குள் எழுகிறது.

உங்கள் அறையில் பெரும்பாலான நேரம் நடப்பது எது என்று எழுதுங்கள்: படுத்தல், சாய்ந்திருத்தல், நிமிர்ந்து உட்கார்தல், நடத்தல். அந்த நிலையில் கண் எந்த உயரத்தில் இருக்கிறது, கை எங்கே எட்டுகிறது, காது எந்த ஓசைக்கு அருகில் இருக்கிறது என்று அளந்து, அந்த உயரங்களைச் சுவரின் வரைபடத்தில் கோடுகளாக இடுங்கள். மரச்சாமானில் நீங்கள் மிகுந்த கவனம் செலுத்திய இடங்களை இக்கோடுகளின்மேல் வையுங்கள்.

ஆறாம் படி: அலைக்கு ஒரு காரணம் தேடுதல்

ஆல்ட்டோ வடிவமைத்த விய்புரி நூலகம் 1935-இல் முடிந்தது. இன்று அந்நகரம் ரஷ்யாவில் வீபோர்க் என்ற பெயரில் இருக்கிறது. நீண்ட காலம் நடந்த சீரமைப்பு 2013-இல் நிறைவடைந்தது. அதன் நீளமான சொற்பொழிவுக் கூடத்தின் கூரை, மரச்சட்டங்கள் அடுக்கிய அலையாக ஓடுகிறது. கூடத்தின் எந்த இடத்தில் நின்று பேசினாலும் மற்ற இடங்களில் கேட்க வேண்டும் என்பதே அந்த அலையின் நோக்கம். படிப்பறையில் 1.8 மீட்டர் விட்டமுள்ள 57 வட்டச் சாளரங்கள் கூரையிலிருந்து நிழல் விழாத ஒளியைத் தருகின்றன. அங்கே அலை தேவைப்படவில்லை, ஆகவே அலை இல்லை.

1939-இல் நியூயார்க் உலகக் கண்காட்சியில் பின்லாந்துக்குக் கிடைத்தது ஒரு வெறும் பெட்டி போன்ற கட்டடம். அதனுள் 16 மீட்டர் உயரத்துக்கு முன்னோக்கிச் சாய்ந்த அலைச் சுவர் ஒன்றை ஆல்ட்டோ நிறுத்தினார். உச்சியில் நாடு, அதன்கீழ் மக்கள், அதன்கீழ் உழைப்பு, அடியில் விளைபொருள்கள் என்று அடுக்கப்பட்ட பெரிய நிழற்படங்களைக் கீழே நிற்பவர் நிமிர்ந்து பார்க்கும்போது படம் அவரை நோக்கிச் சாய்ந்திருக்கும். புதிதாகக் கட்டடம் எழுப்ப வாய்ப்பில்லாமல், ஏற்கெனவே இருக்கும் அறைக்குள் மட்டுமே பணிசெய்யும் உள்ளலங்கார வடிவமைப்பாளர்கள் இதைக் கூர்ந்து படிக்க வேண்டும். இரண்டில் எனக்கு நெருக்கமானது விய்புரியின் கூரைதான். அங்கே காரணம் இன்னும் இறுக்கமாக வடிவத்தைப் பிடித்திருக்கிறது.

அலைக்கூரை செய்ய விரும்புவோருக்குச் சில நடைமுறைச் செய்திகள். அலை ஒரே திசையில் ஓடுமானால் எந்தச் சட்டத்தையும் வளைக்க வேண்டியதில்லை. பிளைவுட்டில் அலை விளிம்பாக வெட்டிய விலாக்களை வரிசையாக நிறுத்தி, அவற்றின் குறுக்கே நேரான ரீப்பர்களை (மெல்லிய மரச் சட்டங்களை) அடித்தால் போதும். 600 மில்லிமீட்டர் ஆரத்தில் 50 மில்லிமீட்டர் அகல ரீப்பர் வளைவிலிருந்து அரை மில்லிமீட்டர்தான் விலகும், கண்ணுக்குத் தெரியாது. 100 மில்லிமீட்டர் அகலமானால் விலகல் இரண்டு மில்லிமீட்டரைத் தாண்டி, பட்டை பட்டையாகத் தோன்றத் தொடங்கும். ஒலியைப் பொறுத்தவரை, கீழ்நோக்கிப் புடைத்த பகுதி ஓசையைச் சிதறடிக்கும், குழிந்த பகுதி ஒருமுகப்படுத்தும். ஆகவே குழிவின் வட்ட மையம் கேட்போரின் தலைமட்டத்தில் விழக்கூடாது. வினாடிக்கு 500 அதிர்வுள்ள ஒலியின் அலைநீளம் ஏறக்குறைய 68 சென்டிமீட்டர். எனவே நாலைந்து சென்டிமீட்டர் மட்டும் நெளியும் கூரை இந்த ஒலிக்கு ஏறத்தாழத் தட்டைக் கூரையே. அவ்வளவு சிறிய நெளிவை அழகுக்காக வைக்கலாம். ஒலிக்காக வைத்ததாகச் சொல்ல வேண்டாம்.

ஏழாம் படி: தூண்களைக் காடாக்குதல்

நூர்மார்க்குவில் குல்லிக்‌ஷென் குடும்பத்துக்காக 1938-39-இல் எழுந்த வில்லா மைரெயாவைச் சுற்றிப் பைன் காடு நிற்கிறது. வீட்டுக்குள் ஆல்ட்டோ மரம் எதையும் வரையவில்லை. தூண்களில் சில ஒற்றையாகவும் சில இரட்டையாகவும் நிற்கின்றன. கருநிற உருக்குத் தூண்கள் சிலவற்றில் பிரம்பு சுற்றப்பட்டிருக்கிறது. மாடிப்படியின் இருபுறமும் மரக்கழிகள் சீரற்ற இடைவெளியில் நிற்கின்றன. அவற்றினூடே நடப்பவருக்கு, காட்டில் நடக்கும்போது மரங்கள் ஒன்றையொன்று மறைத்து விலகுவதுபோன்ற அனுபவம் கிடைக்கிறது. பிரம்பு சுற்றிய தூண், நாற்காலிக் கைப்பிடியைத் தொடும் அதே உணர்வைக் கட்டடத்தின் பாரம் தாங்கும் உறுப்புக்குக் கொடுக்கிறது.

சீரற்ற இடைவெளி என்பது கண்ணை மூடிக்கொண்டு கழிகளை நடுவது ஆகாது. எந்த இடத்தில் மறைவு வேண்டும், எந்த இடத்தில் ஒளி வர வேண்டும் என்று முதலில் குறித்து, மறைவு வேண்டிய இடத்தில் கழிகளை நெருக்கி, ஒளி வேண்டிய இடத்தில் விலக்குங்கள். பிறகு அறைக்குள் நுழைபவர் நடக்கும் பாதையில் ஐந்தாறு புள்ளிகளில் நின்று பார்த்துத் திருத்துங்கள். படிக்கட்டு ஓரத்தில் மட்டும் குழந்தைகளின் பாதுகாப்புக்காக எந்த இடைவெளியும் 100 மில்லிமீட்டரைத் தாண்டாதிருக்கட்டும்.

நம் ஊரில் இதைச் செய்பவருக்கு பிர்ச் மரத்தைத் தேடி அலைய வேண்டிய தேவையில்லை. சாரம் கட்டப் பயன்படும் சவுக்குக் கழிகள் இத்தகைய தட்டிக்கு மிகப் பொருத்தமானவை. பட்டை நீக்கி, நன்கு உலர்த்தி, பூச்சிக்கும் கரையானுக்கும் மருந்திட்டபின் பயன்படுத்த வேண்டும். அடிமுனை தரையைத் தொடாமல் உலோகக் குமிழில் நிற்பது நல்லது. கடலோர ஈரக்காற்றில் பிளைவுட் பயன்படுத்துவோர் ஐ.எஸ். 710 முத்திரையுள்ள கடல்தரப் பிளைவுட்டையே வாங்க வேண்டும். முழு மரம் நாரின் குறுக்கே விரியும், நாரின் போக்கில் ஏறத்தாழ விரிவதில்லை. ஆகவே அகலமான பலகைகளைத் திருகும்போது துளையை நீள்வட்டமாக இடுங்கள்.

எட்டாம் படி: உண்மையளவு மாதிரி

வரைபடத்தைத் தச்சரிடம் கொடுப்பதற்கு முன் அவரை மாதிரியின் முன் நிறுத்திப் பேசுங்கள். எந்த இணைப்பைக் கருவாகக் கொண்டீர்களோ அதையும், அதைச் சுற்றி ஒரு மீட்டர் சதுர அளவுக்குக் கூரையோ சுவரோ இருப்பதையும் அதே மரத்தில், அதே மெருகுடன் செய்து, அறை அமையப்போகும் இடத்திலேயே நிறுத்த வேண்டும். ஐந்தாம் படியில் எழுதிய உடல் நிலையில், உட்கார்ந்தோ படுத்தோ, அதைக் காலையிலும் நண்பகலிலும் விளக்கேற்றிய பின்பும் பாருங்கள். கையால் தடவிப் பாருங்கள். உங்களைவிட உயரம் குறைந்த ஒருவரையும் முதியவர் ஒருவரையும் தடவச் சொல்லுங்கள். ஒரு மழைக்காலம் அதை அங்கேயே விட்டுவைக்க முடிந்தால், எந்தப் பசை விடுகிறது, எந்தச் சட்டம் முறுக்குகிறது என்பதை மாதிரியே காட்டிவிடும். அதன்பின் தச்சருடன் அமர்ந்து, வளைவின் ஆரத்தையும் தகட்டின் தடிமனையும் மாதிரியில் கிடைத்த அளவுகளைக் கொண்டே வரைபடத்தில் திருத்தி, மரத்துக்கு முன்பணம் கொடுங்கள்.